ரத்தத்துக்கு ஒரு நீதி, நிர்வாணத்துக்கு ஒரு நீதி

2010 நவம்பர் 2 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கலிஃபோர்னியா அரசின் வழக்கறிஞர் வாதத்தைத் தொடங்கிய சற்று நேரத்திலேயே நீதிபதி அன்டோனின் ஸ்கலியா குறுக்கிட்டார். ‘வக்கிரமான வன்முறை’ கொண்ட வீடியோ கேம்களைச் சிறாருக்கு விற்கக் கூடாது என்கிறீர்களே, வக்கிரமில்லாத வன்முறை, இயல்பான வன்முறை என்று வேறு ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். கிரிம் சகோதரர்களின் தேவதைக் கதைகள்கூடக் கொடூரமானவைதானே, அவற்றையும் தடைசெய்வீர்களா என்பது அடுத்த கேள்வி. உடனிருந்த நீதிபதி சாமுவேல் அலிட்டோ, ‘ஸ்கலியாவுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் வீடியோ கேம்களைப் பற்றி ஜேம்ஸ் மேடிசன் என்ன நினைத்தார் என்பதுதான்’ என்று கிண்டலடித்தார். அரசமைப்பை, அதை இயற்றிய மேடிசன் போன்றவர்களின் காலத்துப் பொருளிலேயே வாசிக்க வேண்டும் என்பதில் விடாப்பிடியானவர் ஸ்கலியா. அரங்கம் சிரித்தது.

குழந்தைகள் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசுக்கு எதுவரை உண்டு என்பதுதான் அந்த வழக்கு. 2011 ஜூன் 27 அன்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கலிஃபோர்னியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு சரி என்பதே என் கட்சி. ஆனால், அது சொன்ன காரணங்களைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்த்தால் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. அதை அந்த நீதிமன்றம் இன்றுவரை அடைக்கவில்லை.

சட்டத்தைக் கொண்டுவந்தவர் லீலண்ட் யீ. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிக்காரர். குழந்தை உளவியல் படித்தவர். 2005 அக்டோபரில் அதில் கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர். ‘டெர்மினேட்டர்’ படத்தில் துப்பாக்கியும் கையுமாக நின்று உலகப் புகழ் பெற்ற அதே ஷ்வார்ஸ்நேகர்தான். மனித உருவத்தைக் கொல்வது, உறுப்பைச் சிதைப்பது, துண்டிப்பது, பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குவது ஆகியவற்றை விளையாடுபவரே தேர்ந்தெடுத்துச் செய்யும்படி அமைந்த கேம்களை 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்றது சட்டம். மீறினால் 1,000 டாலர் வரை அபராதம். பெட்டியின் முகப்பில் இரண்டு அங்குலச் சதுரத்துக்குக் குறையாமல் ‘18’ என்று அச்சிட வேண்டும். 2006 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வர வேண்டிய சட்டத்துக்கு, சான் ஹோசேயில் இருந்த மத்திய மாவட்ட நீதிபதி 2005 டிசம்பரிலேயே இடைக்காலத் தடை விதித்துவிட்டார். ஆக, ஒரு நாள்கூட அது நடைமுறைக்கு வரவில்லை.

அந்த ஆண்டின் கொதிப்பையும் சொல்ல வேண்டும். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ என்ற கேமின் நிரலுக்குள் புதைந்துகிடந்த ஓர் உடலுறவுக் காட்சி 2005 கோடையில் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த கேமில் போலீஸ்காரரைச் சுட்டுத் தள்ளலாம். தெருவில் போகிறவரை அடித்துப் பணத்தைப் பறிக்கலாம். அதற்கெல்லாம் சேர்த்து அதற்கு இருந்தது 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான முத்திரை. படுக்கையறைக் காட்சி வெளிப்பட்டதும் முத்திரை ‘வயதுவந்தோருக்கு மட்டும்’ என்று மாறியது. பெரிய கடைகள் அலமாரியிலிருந்து அதை அகற்றின. இத்தனை நாள் போலீஸ்காரர் செத்துக்கொண்டிருந்தபோது எடுக்காத கடைகள் அவை.

இந்தப் பாகுபாட்டுக்குச் சட்டத்தில் ஒரு பிறப்பிடம் உண்டு. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் சாம் கின்ஸ்பர்க் என்பவர் சிறிய சிற்றுண்டிக் கடை வைத்திருந்தார். பெண்களின் அரைநிர்வாணப் படங்கள் கொண்ட பத்திரிகைகளை 16 வயதுப் பையனுக்கு விற்றதாக அவர் மீது வழக்கு. பையனைக் கடைக்கு அனுப்பியவர் அவனுடைய தாயார். வழக்குப் போட வேண்டும் என்றே அனுப்பினார். 1968இல் உச்ச நீதிமன்றம் கின்ஸ்பர்கின் தண்டனையை உறுதிசெய்தது. பெரியவர்களுக்கு ஆபாசம் ஆகாத படமும் சிறாருக்கு ஆபாசமாகலாம், அதை அவர்களுக்கு விற்பதை மாநிலம் தடுக்கலாம் என்ற கொள்கை அங்கேதான் பிறந்தது. லீலண்ட் யீயின் சட்டம் இந்தத் தீர்ப்பின் வாசகத்தையும், ஆபாசத்துக்கு 1973இல் உச்ச நீதிமன்றம் வகுத்த சோதனையையும் எடுத்து, ‘பாலியல்’ இருந்த இடத்தில் ‘வன்முறை’யைப் பொருத்தியது. கேமை முழுமையாகப் பார்க்கும் நியாயமான மனிதர் ஒருவருக்கு அது சிறாரின் வக்கிர நாட்டத்தைத் தூண்டுவதாகத் தோன்ற வேண்டும். சமூகத்தின் அளவுகோல்களுக்கு அப்பட்டமாக முரண்பட வேண்டும். சிறாருக்கு அதில் இலக்கியம், கலை, அரசியல், அறிவியல் சார்ந்த தீவிரமான மதிப்பு இருக்கக் கூடாது.

கடையில் நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள். ஒரு கேமை முழுக்க விளையாடி முடிக்கப் பல பத்து மணி நேரம் ஆகும். விளையாடுபவர் எடுக்கும் முடிவுக்கேற்ப ஒவ்வொருவருக்கும் அது ஒவ்வொரு கதையாகிறது. ஒரு பையன் யாரையும் கொல்லாமல் முடித்துவிடலாம். இன்னொருவன் எதிரே வருபவரையெல்லாம் வெட்டிச் சாய்க்கலாம். இதில் ‘முழுமையாகப் பார்த்தால்’ என்பது யாருடைய விளையாட்டை? அபராதத்துக்கு அஞ்சும் கடை முதலாளி என்ன செய்வார்? சந்தேகம் வந்த எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து எடுத்துவிடுவார். இலக்கிய மதிப்பு உண்டா இல்லையா என்று விமர்சகர்களே அடித்துக்கொள்ளும் விஷயத்தை, 1,000 டாலர் பயத்தோடு ஒரு சில்லறை வியாபாரியின் தலையில் கட்டியது அந்தச் சட்டம்.

அரசுக்காவது தெளிவு இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ‘மார்ட்டல் காம்பாட்’ இந்தச் சட்டத்துக்குள் வருமா என்று நீதிபதி எலினா கேகன் கேட்டார். எங்கள் எழுத்தர்களில் பாதிப் பேர் அதை விளையாடித்தான் வளர்ந்திருப்பார்கள் என்றும் சொன்னார். வரக்கூடிய பட்டியலில் இருக்கிறது என்பதற்கு மேல் அரசு வழக்கறிஞரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மனிதனுக்குப் பதிலாக ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வரும் வல்கன் இனத்தவர் ஒருவரைச் சித்திரவதை செய்தால்? நீதிபதி சோனியா சோட்டோமயோரின் இந்தக் கேள்விக்கு, அது சட்டத்துக்குள் வராது என்று பதில் வந்தது. அப்படியானால், பாத்திரத்துக்கு ஏதாவது ஒரு செயற்கை அடையாளத்தை ஒட்டி ‘இது மனிதன் அல்ல, இயந்திரம்’ என்று சொல்லிவிட்டால் விற்கலாமா? விற்கலாம் என்றே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு அங்குல முத்திரையிலிருந்து தப்பக் கூரான காது போதும்.

கலிஃபோர்னியா இந்தப் பாதையில் போன முதல் ஆள் அல்ல. கடைசியாகத் தோற்ற ஆள். 2000இல் இண்டியானாபொலிஸ் நகரம், விளையாட்டு நிலையங்களில் வன்முறை இயந்திரங்களிடமிருந்து சிறாரைத் தள்ளிவைக்க ஓர் ஆணை போட்டது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் அதை நிறுத்திவைத்தார். ஹோமரிலிருந்து தொல்ஸ்தோய் வரை வன்முறை எப்போதும் மனிதனின் ஈடுபாடாகவே இருந்திருக்கிறது என்றார் அவர். 18 வயது வரை வன்முறையின் நிழலே படாமல் வளர்த்து, பிறந்தநாளன்று கையில் வாக்குரிமையைக் கொடுத்து உலகத்துக்குள் தள்ளிவிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை ஆகாது என்பது அவர் வாதத்தின் சாரம். செயின்ட் லூயிஸ் மாவட்டத்தின் ஆணை 2003இல் வீழ்ந்தது. இல்லினாய் மாநிலம் தோற்றதோடு எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாக 5 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. மினசோட்டா விற்பவரை விட்டுவிட்டு, வாங்கும் சிறுவனுக்கே 25 டாலர் அபராதம் விதிக்கப் பார்த்தது! குழந்தையைக் காக்க வந்த சட்டம் குழந்தையின் உண்டியலில் கைவைத்தது. 2008இல் அதுவும் போயிற்று.

இவற்றுக்குப் பின்னால் நிஜமான துக்கம் இருந்தது என்பதை மறுக்கக் கூடாது. 1997 டிசம்பரில் கென்டக்கி மாநிலத்தின் பதூகா அருகே ஒரு பள்ளியில் 14 வயது மாணவன் சுட்டதில் மூன்று மாணவிகள் இறந்தார்கள். அவன் விளையாடிய கேம்களைத் தயாரித்த நிறுவனங்கள் மீது பெற்றோர் நஷ்டஈடு கேட்டார்கள். வழக்கு 2002இல் மேல்முறையீட்டிலும் தள்ளுபடியானது. 1999இல் கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, கொன்ற இருவரும் ‘டூம்’ விளையாடியவர்கள் என்ற செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய்ப் புள்ளிவிவரம் பேச முடியாது. ஆனால், நீதிமன்றம் அதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

ஸ்கலியா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு பேசியது. கலிஃபோர்னியா முக்கியமாகச் சார்ந்திருந்தது உளவியலாளர் கிரெய்க் ஆண்டர்சன் போன்றோரின் ஆய்வுகளை. அவை வன்முறை கேம்களுக்கும் ஆக்ரோஷ உணர்வுக்கும் ஒரு சிறு தொடர்பைக் காட்டுகின்றன. கேம்தான் அதற்குக் காரணம் என்று நிறுவவில்லை. அந்தத் தாக்கத்தின் அளவும் ‘பக்ஸ் பன்னி’ கார்ட்டூன் பார்ப்பதாலோ துப்பாக்கிப் படம் ஒன்றைப் பார்ப்பதாலோ ஏற்படுவதற்கு ஏறக்குறைய சமம். அப்படியானால் சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டது தீர்ப்பு. அதோடு, அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கையான விதிவிலக்கு இருந்தது. பெற்றோர், தாத்தா, பாட்டி மட்டுமல்லாமல் அத்தையோ மாமாவோ வாங்கிக் கொடுத்தாலும் குற்றமில்லை. பிள்ளையின் மனதைச் சிதைக்கும் அளவுக்கு ஆபத்தான பொருள் என்றால், மாமாவின் கையால் கிடைக்கும்போது மட்டும் அந்த ஆபத்து எங்கே போகிறது?

தீர்ப்பின் சுவையான பகுதி, பழைய பயங்களின் வரலாறு. மலிவு விலைக் குற்றக் கதைகள் சிறுவர்களைக் கெடுப்பதாக 19ஆம் நூற்றாண்டில் பயந்தார்கள். அடுத்து சினிமா, அடுத்து வானொலி நாடகம், 1950களில் காமிக்ஸ். ஃபிரெட்ரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர் செனட் குழுவின் முன் வந்து, காமிக்ஸ் குற்றவாளிகளை உருவாக்குகிறது என்று சாட்சி சொன்னார். பிறகு தொலைக்காட்சி, பாடல் வரிகள். இவற்றை அடுக்குவதற்கு முன்பே ஸ்கலியா கிரிம் கதைகளை எடுத்துக்காட்டிவிடுகிறார். ஸ்னோ ஒய்ட்டின் சிற்றன்னை பழுக்கக் காய்ச்சிய காலணியோடு சாகும்வரை ஆடுகிறாள்; சிண்ட்ரெல்லாவின் மாற்றாந்தாய் மகள்களுடைய கண்களைப் புறாக்கள் கொத்துகின்றன; ஹான்சலும் கிரெட்டலும் கிழவியை அடுப்பில் தள்ளுகிறார்கள். வன்முறையை ஆபாசத்தைப் போல ஒரு தனி வகையாக்கி, பேச்சுரிமைக்கு வெளியே நிறுத்தும் மரபு அமெரிக்காவில் எப்போதுமே இருந்ததில்லை என்பது அவர் முடிவு. விலங்குவதைக் காணொளிகளைத் தடைசெய்த சட்டத்தையே அதற்கு முந்தைய ஆண்டு அந்த நீதிமன்றம் ரத்து செய்திருந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு அதுதான் வலுவானதாகப் படுகிறது. 1993இல் செனட் விசாரணைக்கு இழுக்கப்பட்ட வீடியோ கேம் துறை, அரசின் சட்டத்துக்குப் பயந்து மறு ஆண்டே தனக்குத் தானே ஒரு தர மதிப்பீட்டு வாரியத்தை அமைத்துக்கொண்டது. மத்திய வர்த்தக ஆணையம் சிறுவர்களைக் கடைக்கு அனுப்பி அவ்வப்போது சோதித்துப் பார்த்தது. 2000இல் அப்படிப் போன சிறுவர்களில் 85 விழுக்காட்டினர் 17 வயது முத்திரையுள்ள கேமை வாங்கிவிட முடிந்தது. 2009இல் அது 20 விழுக்காடாகக் குறைந்திருந்தது, 2011இல் 13. சட்டம் அமலுக்கே வராமல் இது நடந்தது. மிரட்டலுக்குப் பயந்துதான் துறை ஒழுங்கானது என்று சொல்வீர்களானால், ஆமாம், அதில் பாதி உண்மை உண்டு.

ஏழுக்கு இரண்டு என்ற எண்ணிக்கை ஒரு விதத்தில் ஏமாற்றுவது. ஸ்கலியாவோடு கொள்கையளவில் முழுமையாக நின்றவர்கள் நால்வர்: நீதிபதிகள் கென்னடி, கின்ஸ்பர்க் (1968 வழக்கின் கடைக்காரர் வேறு), சோட்டோமயோர், கேகன். அலிட்டோவும் தலைமை நீதிபதி ராபர்ட்ஸும் இந்தச் சட்டத்தின் வாசகம் தெளிவற்றது என்பதற்காக மட்டுமே ரத்துக்குச் சம்மதித்தார்கள். புதிய தொழில்நுட்பம் புத்தகத்தைப் போன்றதுதான் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள் என்று அலிட்டோ எச்சரித்தார். பள்ளிப் படுகொலையை மீண்டும் நடத்திப் பார்க்கும் கேம்கள் வரை விவரித்தார். அருவருப்பூட்டுகிறது என்பது தடைக்குக் காரணமாகாது என்று ஸ்கலியா திருப்பிச் சொன்னார். பழமைவாதி ஸ்கலியாவோடு தாராளவாத நீதிபதிகள் மூவர்; எதிரே தாராளவாதி ஸ்டீஃபன் ப்ரையரும் கடும் பழமைவாதி கிளாரன்ஸ் தாமஸும். அமெரிக்க நீதிமன்றத்தைக் கட்சிக்கணக்கில் மட்டும் பார்த்துப் பழகியவர்களை இந்த வழக்கு குழப்பும்.

தாமஸின் வாதம் எளிது: அரசமைப்பு எழுதப்பட்ட காலத்தில் பெற்றோரைத் தாண்டிக் குழந்தையிடம் நேரே பேசும் உரிமை யாருக்கும் இருந்ததில்லை, ஆகவே அது பேச்சுரிமையில் அடங்காது. 18ஆம் நூற்றாண்டுத் தகப்பனின் அதிகாரத்தை 21ஆம் நூற்றாண்டுக் கடைத்தெருவில் நிறுவும் முயற்சி என்று அதைத் தள்ளிவிடலாம்.

ப்ரையரை அப்படித் தள்ள முடியாது. அவர் கேட்டது இவ்வளவுதான்: 13 வயதுச் சிறுவனுக்கு நிர்வாணப் பெண்ணின் படம் உள்ள பத்திரிகையை விற்கக் கூடாது என்கிறோம். அதே சிறுவன், திரையில் ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டு, வாயில் துணியடைத்து, வதைத்துக் கொல்லும் கேமை வாங்கினால் அரசமைப்பு அந்த விற்பனையைக் காக்கிறது. இதில் என்ன நியாயம்? அந்தப் பெண்ணின் மேலாடையும் களைந்திருந்தால்தான் அரசு தலையிடலாமா?

இதற்குப் பெரும்பான்மைத் தீர்ப்பு தந்த பதில் மரபு. பாலியல் ஆபாசத்தைத் தனி வகையாக நடத்தும் மரபு உண்டு, வன்முறைக்கு இல்லை, அவ்வளவுதான். மரபு என்பது பழக்கத்தைச் சொல்லும், நியாயத்தைச் சொல்லாது. நிர்வாணப் படம் சிறுவனுக்குத் தீங்கு செய்கிறது என்பதற்குக் கின்ஸ்பர்க் வழக்கில் அறிவியல் ஆதாரம் எதையும் நீதிமன்றம் கேட்கவில்லை. அப்படி நினைப்பது சட்டமன்றத்துக்குப் பகுத்தறிவுக்கு முரணானதல்ல என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. அதே ஆதாரத்தை வன்முறைக்கு மட்டும் இம்மி பிசகாமல் கேட்டது. ப்ரையர் தன் தீர்ப்பின் பின்னிணைப்பில் இரு பக்கத்து ஆய்வுகளையும் நீளமாகப் பட்டியலிட்டு, இதை எடைபோட வேண்டியது சட்டமன்றம் என்றார். அந்த முடிவில் நான் அவரோடு இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் கலிஃபோர்னியா சட்டம் பிழைக்காது. மாறாக, கின்ஸ்பர்க் தீர்ப்புதான் ஆட்டம் காணும். ப்ரையருடைய கேள்வி அவர் விரும்பாத திசையில்தான் கொண்டுபோய் விடுகிறது என்று நினைக்கிறேன்.

அறிவியலும் அதற்குப் பிறகு கலிஃபோர்னியாவுக்குக் கைகொடுக்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் தீர்மானத்தைத் திருத்தியபோது, கத்துவது, தள்ளுவது போன்ற ஆக்ரோஷத்தோடு சிறு தொடர்பு இருப்பதாகச் சொன்னது. கொலை, துப்பாக்கிச்சூடு போன்றவற்றுக்கு கேம்களைக் காரணமாக்குவது அறிவியல்பூர்வமானது அல்ல என்றும் சொன்னது.

வழக்குச் செலவாக 9.5 லட்சம் டாலர் தரக் கலிஃபோர்னியா 2012இல் ஒப்புக்கொண்டது. லீலண்ட் யீ, 2014இல் ஊழல், ஆயுதக் கடத்தல் குற்றச்சாட்டுகளில் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு 2016இல் ஐந்தாண்டு தண்டனை பெற்றார். சட்டத்தின் தகுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தியாவில் இதே வழக்கு நடந்திருந்தால்? நம் அரசமைப்பின் 19(2) பேச்சுரிமை மீதான நியாயமான கட்டுப்பாடுகளுக்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. 1970இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் திரைப்பட முன்தணிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. மற்றக் கலைகளைவிட சினிமா மனதை ஆழமாகக் கிளறுகிறது, அதுவும் பிள்ளைகளின் மனதை என்பது அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று. ஸ்கலியா மறுத்த அதே காரணம். ஆனால், வன்முறை கேம் பற்றிய கேள்வி இங்கே அப்படி நேராக விசாரிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. 2019 மார்ச்சில் ராஜ்கோட்டில் காவல் துறை ‘பப்ஜி’க்குத் தடையாணை போட்டுவிட்டு, கைப்பேசியில் அதை விளையாடிய கல்லூரி மாணவர்களைக் கைதுசெய்தது. மினசோட்டாவின் 25 டாலரே தேவலாம். 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தடைசெய்தபோது, 118 செயலிகளின் பட்டியலில் ஒன்றாக, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு என்ற காரணங்களுக்காகச் செய்தது. குழந்தைகளின் மனம் அந்த ஆணைக்குக் காரணம் அல்ல.

அமெரிக்காவில் கதை இன்னும் ஓடுகிறது. சமூக ஊடகங்களுக்கு வயது வரம்பு வைத்த ஒஹாயோ போன்ற மாநிலங்களின் சட்டங்களைக் கீழமை நீதிமன்றங்கள் தடுத்தபோது 2011 தீர்ப்பையே கையிலெடுத்தன. ஆனால், 2025 ஜூன் 27 அன்று, சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே தேதியில், ஆபாச இணையதளங்கள் பார்ப்பவரின் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற டெக்சாஸ் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று ஏற்றது. தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். 2011இல் சிறுபான்மையில் நின்றவர் இப்போது பெரும்பான்மையின் குரல். அதிலும் அடித்தளம் கின்ஸ்பர்க் தீர்ப்புதான். நிர்வாணத்துக்கான வேலி இன்னும் உயர்ந்தது; ரத்தத்துக்கான கதவு திறந்தபடியே இருக்கிறது.

வீடியோ கேம் நிறுவனங்களைச் சட்டம் உண்மையில் மடக்கிய இடம் வேறு. ‘ஃபோர்ட்நைட்’டைத் தயாரிக்கும் எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில் மத்திய வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு உடன்பட்டது. 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்ததற்கும், முன்பின் தெரியாதவர்கள் பிள்ளைகளோடு நேரடியாகப் பேசும் வசதியை இயல்பாகவே திறந்துவைத்ததற்கும் 27.5 கோடி. ஒரே ஒரு பொத்தானைத் தவறுதலாக அழுத்தினாலும் பணம் போய்விடும்படி வடிவமைத்ததற்கு 24.5 கோடி; அது ஏமாந்தவர்களுக்குத் திருப்பித்தர. யார் யாரைச் சுடுகிறார்கள் என்று எந்த அதிகாரியும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பேச்சுரிமை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

நம்மிடம் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர்களுடைய நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அடுத்த முறை ஏதோ ஒரு கேமைத் தடைசெய்யச் சொல்லி மனுவோடு நீதிமன்றத்துக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ போகிறவர்கள், அந்த நிறுவனம் இந்த விதிகளை மீறுகிறதா என்று முதலில் கேட்கட்டும். அதற்கு ஆதாரம் காட்ட முடியும். கேட்பவருக்கு வெல்லவும் வாய்ப்பு உண்டு.